இடுக்கில் பிறக்கும் ஊளை

ஒரு காலத்தில் ஐரோப்பிய நாடக மேடைகளில் புயலைக் கையால் சுற்றினார்கள். கருவி எளியதுதான். படுக்கவைத்த பீப்பாய் மாதிரி ஓர் உருளை. அதைச் சுற்றிலும் இடைவெளி விட்டு அறையப்பட்ட மரச்சட்டங்கள். உருளையின் மேல் கித்தான் துணி படிந்து கிடக்கும். துணியின் ஒரு முனையை ஆணியடித்து நிறுத்தியிருப்பார்கள். பக்கவாட்டில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் சட்டங்கள் துணியை உரசிக்கொண்டு ஓடும். மெல்லச் சுற்றினால் அடித்தொண்டையில் யாரோ முனகுவது போலிருக்கும். வேகம் கூட்டினால் சத்தம் ஏறும், கூடவே சுருதியும் ஏறும். பழகிய கை ஒரே சீராகச் சுற்றாது. இழுத்துச் சுற்றிவிட்டு உருளையைத் தன் போக்கில் தளரவிடும். அது நிற்பதற்குள் மறுபடி பிடித்துக்கொள்ளும். உருளை முழுக்க நின்றுவிட்டால் புயல் அங்கேயே மரத்தூளாகிவிடும். மேடையில் நடிகர் வசனம் பேசும்போது அடக்கி வாசிக்கவும், அவர் கதவைத் திறக்கும் கணத்தில் சீறவிடவும் தெரிந்திருக்க வேண்டும். சுற்றுகிறவரும் ஒரு நடிகர்தான். ஆள் மட்டும் திரைக்குப் பின்னால்.

இந்த மரப் பீப்பாய் நாடகத்தோடு நின்றுவிடவில்லை. ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1897இல் எழுதி முடித்த 'டான் கிஹோட்டே' இசைப்படைப்பில் அதைச் சேர்த்தார். 1915இல் அரங்கேறிய 'ஆல்ப்ஸ் சிம்பொனி'யிலும் மலைப்புயலுக்கு அதையே அழைத்தார். மோரிஸ் ரவெல் 1912இல் பயன்படுத்தினார். என்னைக் கேட்டால் இவர்கள் எல்லோரையும்விட விஷயத்தைத் தெரிந்து கையாண்டவர் இங்கிலாந்தின் வான் வில்லியம்ஸ். தென்துருவப் பயணத்தில் பனியில் மடிந்த கேப்டன் ஸ்காட் பற்றிய 1948ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்கு இசையமைத்தவர் அவர். அந்த இசையிலிருந்து வளர்த்தெடுத்த 'சின்ஃபோனியா அன்டார்டிக்கா' 1953 ஜனவரியில் மான்செஸ்டரில் அரங்கேறியது. அதில் காற்றுக்கருவியோடு பெண்களின் குரல்களையும் சேர்த்தார். அந்தப் பெண்கள் சொல் எதையும் பாடுவதில்லை, வெறும் அகாரமாக இழுக்கிறார்கள். எது காற்று, எது குரல் என்று காது தடுமாறும் இடம் அது. அந்தத் தடுமாற்றத்தில்தான் திகில் படங்களின் காற்று முழுவதும் குடியிருக்கிறது. ஏன் என்று பார்க்க, முதலில் காற்றையே கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

காற்றுக்குத் தனியாகச் சத்தம் கிடையாது. தடையே இல்லாத வெளியில், ஒரே சீராக, எதிலும் மோதாமல் நகரும் காற்று ஏறக்குறைய ஊமை. நாம் கேட்பதெல்லாம் அது எதிலாவது இடிபட்டுக் கிழிபடும் ஓசை. கம்பி, கிளை, கூரை விளிம்பு, சாவித்துவாரம், நம் காதுமடல் என்று ஏதாவது ஒன்று குறுக்கே நிற்க வேண்டும்.

செக் நாட்டு இயற்பியலாளர் வின்சென்ஸ் ஸ்ட்ரூஹால் 1878இல் இதை அளந்து காட்டினார். ஒரு சட்டகத்தில் கம்பியைப் பொருத்தி வேகமாகச் சுழற்றினார், கம்பி ரீங்கரித்தது. தந்தி வாத்தியங்களைக் கேட்டு வளர்ந்த எவரும் கம்பியை முறுக்கினால் சுருதி ஏறும் என்றுதான் எதிர்பார்ப்பார். இங்கே அப்படி நடக்கவில்லை. கம்பி என்ன உலோகம், எவ்வளவு நீளம், எவ்வளவு இறுக்கம் என்பது முக்கியமாக இல்லை. காற்றின் வேகமும் கம்பியின் தடிமனும் மட்டுமே சுருதியைத் தீர்மானித்தன. காரணம் பின்னால் தெளிவாயிற்று: கம்பியைக் கடக்கும் காற்று அதன் இரு பக்கமும் மாறி மாறிச் சுழல்களை உதிர்க்கிறது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என வரிசையாகப் பின்னால் ஓடும் இந்தச் சுழல்களுக்கு, அவற்றின் கணிதத்தை வகுத்த தியடோர் ஃபான் கார்மனின் பெயர் நிலைத்தது. ஒவ்வொரு சுழல் உதிரும்போதும் கம்பியைச் சுற்றியுள்ள காற்றழுத்தம் அசைகிறது. ஒரு நொடிக்கு எத்தனை அசைவோ அதுவே சுருதி.

கணக்கு சுலபம். காற்றின் வேகத்தைத் தடிமனால் வகுத்து, ஐந்தில் ஒரு பங்கு எடுத்தால் போதும். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்றென்றால் நொடிக்கு 10 மீட்டர். அது 4 மில்லிமீட்டர் கம்பியில் பட்டால் 500 ஹெர்ட்ஸ், பெண்கள் பாடும் குரலின் எல்லைக்குள் வரும் சுருதி. வேகம் பாதியானால் 250 ஹெர்ட்ஸ், பெண்களின் பேச்சுக் குரலின் மேல் எல்லையை ஒட்டியது. ஆக, தந்திக் கம்பியின் மேல் வீசும் காற்று ஏறி இறங்குகையில் அது மனிதக் குரலின் எல்லைக்குள்ளேயே ஏறி இறங்குகிறது. யாரும் திட்டமிடவில்லை, நாம் கட்டும் கம்பிகளின் தடிமன் அப்படி வாய்த்துவிட்டது.

கடற்கரைச் சவுக்குத் தோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சவுக்கின் இலை என்று நாம் நினைக்கும் ஊசிகள் உண்மையில் பச்சை நிறச் சிறு கிளைகள்; மெய்யான இலைகள் கணுக்களில் பொடிச் செதில்களாக ஒட்டியிருக்கும். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஊசியில் நொடிக்கு 5 மீட்டர் காற்று பட்டால் 1000 ஹெர்ட்ஸ், ஊசி அதில் பாதி மெலிந்திருந்தால் 2000. ஆயிரக்கணக்கான ஊசிகள் கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்ட தடிமனில் ஒன்றாக இரைவதால் தனிச் சுருதி எதுவும் துலங்குவதில்லை. கடலிரைச்சல் போன்ற ஒரு நீண்ட 'ஷ்'ஷே மிஞ்சுகிறது. அதே காற்று 30 சென்டிமீட்டர் அடிமரத்தில் பட்டால் கணக்கு 4 ஹெர்ட்ஸுக்கும் கீழே போய்விடும், காதுக்கு எட்டாது. பனை இன்னொரு ஜாதி. அதன் ஓலைகள் பாடுவதில்லை, ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. படத்தில் பனங்காட்டைக் காட்டிவிட்டு ஊசியிலைக் காட்டின் இரைச்சலைப் போட்டால், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் கிராமத்துப் பார்வையாளர் நம்ப மாட்டார்.

ஊளை என்று நாம் சொல்வது இன்னொரு வழியிலும் பிறக்கிறது. ஜன்னல் சரியாகச் சாத்தப்படாமல் விரலிடைக்குத் திறந்திருக்கிறது. வெளியே அழுத்தம் அதிகம், உள்ளே குறைவு. காற்று அந்த இடுக்கின் வழியாகப் பிதுங்கி நுழையும்போது விளிம்பில் பட்டு அதிர்கிறது. அந்த அதிர்வில் அறைக்கும் நடைவழிக்கும் புகைபோக்கிக்கும் பிடித்த அலைவரிசைகள் மட்டும் பெருகுகின்றன. நம் தொண்டையில் நடப்பதும் ஏறக்குறைய இதுவே. குரல்நாண்கள் ஓர் இடுக்கு. வாயும் மூக்கும் பெருக்கும் அறைகள். வாய்க்குழி சில அலைவரிசைகளை உயர்த்திக் காட்டுவதால்தான் 'ஆ'வும் 'ஊ'வும் வேறுபட்டுக் கேட்கின்றன. கதவிடுக்கும் அறையும் சேர்ந்து அதேபோலச் சில அலைவரிசைகளை உயர்த்தும்போது அங்கே ஓர் 'ஊ' பிறக்கிறது. வீடு ஓர் உயிரெழுத்தை உச்சரிக்கிறது என்றே சொல்லிவிடலாம்.

இனி அந்த மரப் பீப்பாயின் ரகசியத்துக்கு வரலாம். ஒரு தடையின் மேல் வீசும் காற்றின் வேகம் இரு மடங்கானால் சுருதி இரு மடங்காகிறது. அதாவது கீழ் ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜம். ஒலியின் ஆற்றலோ அவ்வளவோடு நிற்பதில்லை. அது வேகத்தின் ஆறாம் அடுக்கை ஒட்டி வளர்கிறது: 2ஐ ஆறு முறை பெருக்கினால் 64. டெசிபல் கணக்கில் 18. காதுக்கு மூன்று நான்கு மடங்கு பெரிதாகக் கேட்கும். சுருதியும் சத்தமும் ஒரே காரணத்தால், ஒன்றையொன்று விடாமல் ஏறுகின்றன. கைப்பிடியைச் சுற்றும் ஒரே கை அந்த இரண்டையும் ஒருசேர ஏற்றுவதால்தான் மரமும் துணியும் புயலாக ஏமாற்ற முடிகிறது. இன்றைக்குக் கணினியில் உட்கார்ந்து, ஒரு காற்று ஆம்பியன்ஸை எடுத்துப் போட்டு, வால்யூமை மட்டும் மேலே தள்ளுகிறவருக்கு இது கைகூடுவதில்லை. சத்தம் கூடுகிறது, சுருதி நகரவில்லை. காற்று வலுக்கவில்லை, ரேடியோவை யாரோ திருகினார்கள் என்று காது உடனே கண்டுபிடித்துவிடும்.

இந்தப் பிணைப்பைத் தெரிந்தே அறுப்பதும் ஒரு வித்தைதான். சத்தத்தை மெல்லக் குறைத்துக்கொண்டே சுருதியை ஏற்றிப் பாருங்கள். இயற்கையில் அப்படி ஒரு காற்று இல்லை. கேட்பவருக்குத் தவறு எங்கே என்று தெரியாது. ஏதோ சரியில்லை என்பது மட்டும் தெரியும். பேய்வீட்டுக் காட்சிக்கு அந்த நிச்சயமின்மை போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

செயற்கையாகக் காற்றைச் செய்வது கடினமே இல்லை. எல்லா அலைவரிசைகளும் கலந்த இரைச்சலை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு குறுகிய பட்டையை மட்டும் வடிகட்டி விட வேண்டும். பட்டையைக் குறுக்கக் குறுக்க இரைச்சல் விசிலாகும். அகட்ட அகட்ட இலைகளின் இரைச்சலாகும். பிறகு அந்தப் பட்டையை 200க்கும் 800 ஹெர்ட்ஸுக்கும் இடையே, தாளக்கட்டு எதுவும் இல்லாமல், மெல்ல அலையவிட்டால் ஊளை தயார். ஒலியைக் கணினி நிரலாக எழுதுவது பற்றி ஆண்டி ஃபார்னெல் 2010இல் வெளியிட்ட 'டிசைனிங் சவுண்ட்' நூல் காற்றுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்குகிறது. அதன் அணுகுமுறை எனக்குப் பிடித்தமானது. மரத்துக்கு ஒரு காற்று, கம்பிக்கு ஒரு காற்று, கதவுக்கு ஒரு காற்று என்று தனித்தனியாகச் செய்யாதே. ஒரே காற்றைச் செய், அது ஒவ்வொன்றையும் நேரம் தள்ளிக் கடந்து போகட்டும் என்பதே அதன் சாரம்.

அந்த 'நேரம் தள்ளி' என்பதில்தான் பெரிய விஷயம் இருக்கிறது. ஒரு வீச்சுக் காற்று நொடிக்கு 10 மீட்டரில் வருகிறது. நூறு மீட்டர் தள்ளி நிற்கும் தோப்பை அது தொட்டதும் அங்கே இரைச்சல் எழுகிறது. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்; ஆகவே இரைச்சல் மூன்றில் ஒரு நொடிக்குள் நம்மிடம் வந்துவிடும். காற்று வந்து சேர முழுதாகப் பத்து நொடி ஆகும். அதுவரை நம்மைச் சுற்றி எதுவும் அசையாது. வருகிறது என்று தெரிகிறது, இன்னும் வரவில்லை. திகிலுக்கு இலக்கணம் எழுதியவர்கள் சொல்வதும் இதைத்தான்: ஆபத்து பார்வையாளருக்கு முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும், வந்து சேரத் தாமதமாக வேண்டும். இயற்கை அந்தப் பத்து நொடியை இலவசமாகவே கொடுக்கிறது. சுற்றிலும் ஒலிபெருக்கிகள் உள்ள திரையரங்கில், பின்பக்க இடது மூலையில் எழும் இலைச்சத்தம் ஒவ்வொரு மரமாகத் தாண்டி முன்னே வந்து, கடைசியாகக் கதாநாயகியின் தலைமுடியைக் கலைத்தால், இசை ஒரு சொட்டுக்கூட இல்லாமல் அரங்கம் நிமிர்ந்து உட்காரும்.

சரி, ஏன் பயப்படுகிறோம்? இங்கே பலருக்கும் பிடித்த ஒரு கதை உலவுகிறது. அதைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தின் கோவென்ட்ரியைச் சேர்ந்த பொறியாளர் விக் டாண்டி, தான் வேலை பார்த்த ஆய்வகத்தில் இரவில் ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவம் ஒன்றைக் கண்டார். மறுநாள், வாள்வீச்சுப் போட்டிக்கான தன் மெல்லிய வாளைப் பிடிப்பானில் இறுக்கி வைத்தபோது அது தானாக நடுங்கியது. தேடிப் பார்த்ததில் குற்றவாளி புதிதாக மாட்டிய காற்று வெளியேற்றும் விசிறி. அது சுமார் 19 ஹெர்ட்ஸில், காதுக்குக் கேட்காத ஒரு நிலையலையை அந்த அறையில் உண்டாக்கியிருந்தது. விசிறியின் பொருத்தத்தை மாற்றியதும் ஆவி போயிற்று. டோனி லாரன்ஸோடு சேர்ந்து 1998இல் அவர் இதைக் கட்டுரையாக்கினார். அன்றிலிருந்து 19 ஹெர்ட்ஸ் பேய்களின் அலைவரிசை ஆகிவிட்டது. 2003இல் லண்டனில் உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மனும் குழுவினரும் ஓர் இசை நிகழ்ச்சியில் 17 ஹெர்ட்ஸ் ஒலியை ரகசியமாகக் கலந்தார்கள். அது கலந்த பகுதிகளில் விநோத உணர்வுகளைச் சொன்னவர்கள் அதிகம் என்றார்கள். காஸ்பர் நோயே தன் 2002ஆம் ஆண்டுப் படமான 'இர்ரிவர்சிபிள்'இன் தொடக்கப் பகுதியில் கேட்கும் எல்லையை ஒட்டிய ஒரு தாழ் உறுமலைச் சேர்த்ததும் இந்தக் கதையோடு ஒட்டிக்கொண்டது. புயல்காற்றிலும் கேளா ஒலி உண்டு. அதனால்தான் பயப்படுகிறோம் என்று முடித்துவிடுகிறார்கள்.

எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்ச் குழுவினர் ஒரு 'பேய் அறை'யையே கட்டி, 79 பேரைத் தனித்தனியாக உள்ளே அனுப்பினார்கள். சிலருக்குக் கேளா ஒலி, சிலருக்கு மின்காந்தப் புலம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவுமில்லை. 2009இல் வெளியான முடிவு: பலரும் விநோத உணர்வுகளைச் சொன்னார்கள், ஆனால் அறையில் கேளா ஒலி இருந்ததா இல்லையா என்பதற்கும் அதற்கும் தொடர்பே தெரியவில்லை. விநோதம் நடக்கலாம் என்று முன்கூட்டிச் சொல்லப்பட்டதே பெரும்பாலும் வேலை செய்திருக்க வேண்டும். ஆய்வகத்துக்குக்கூடப் போக வேண்டாம். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும் காரில் பின் ஜன்னல் ஒன்றை மட்டும் இறக்கினால் காதில் 'டுப் டுப் டுப்' என்று அறையுமே, அது 20 ஹெர்ட்ஸை ஒட்டிய, 100 டெசிபலைத் தாண்டும் அழுத்த அலை. அதில் எவரும் ஆவியைக் கண்டதாகச் சொல்வதில்லை. ஜன்னலை ஏற்றுங்கள் என்றுதான் சொல்கிறார்கள். போதாக்குறைக்கு, இன்று பலர் படம் பார்ப்பது கைப்பேசியில். அதன் ஒலிபெருக்கியிலிருந்து 100 ஹெர்ட்ஸே சரியாக வெளிவராது, 19க்கு எங்கே போவது?

பயத்துக்கு வேறு காரணங்கள் உண்டு, அவை காதுக்கு நன்றாகவே கேட்பவை. கலிஃபோர்னியாவின் டேனியல் ப்ளம்ஸ்டீன் மார்மோட் என்ற மலை அணில் இனத்தை ஆராய்பவர். பிடிபட்ட குட்டிகள் அலறும்போது குரல் நாண்களின் கட்டுப்பாடு தப்பி, சுருதி உடைந்து இரைச்சலாவதைக் கவனித்திருந்தார். அதை மனதில் வைத்து 102 திரைப்படங்களின் காட்சிகளைக் கூட்டாளிகளோடு ஆராய்ந்து 2010இல் முடிவை வெளியிட்டார். திகில் படங்களில் அந்த வகை இரைச்சல் எதிர்பார்த்ததைவிட அதிகம். சுருதி சட்டென்று தாவும் இடங்களோ குறைவு. இரைச்சல் உண்டு, தாவல் இல்லை, வழுக்கல் மட்டும் என்றால் அது ஏறக்குறைய காற்றின் அங்க அடையாளமே. அவர் காற்றை ஆராயவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த முடிச்சு என்னுடையது.

இன்னொரு காரணம் இன்னும் பழையது. காற்று மற்ற ஓசைகளை மூடிவிடுகிறது. இலை இரைச்சல் எந்த அலைவரிசைகளை நிரப்புகிறதோ, சருகில் வைத்த காலடியும் துணி உரசலும் மூச்சும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. மான் காற்றடிக்கும் நாளில் மிரட்சியோடு மேய்வதைக் காடு சுற்றுகிறவர்கள் பார்த்திருப்பார்கள். புலியின் காலடி கேட்காத நாள் அது. காற்று பலமாக வீசும் காட்சியில் நாமும் காது கொடுத்துக் கேட்கத் தொடங்குகிறோம். காற்றையல்ல, காற்றுக்குப் பின்னால் இருக்கக்கூடியதை. திரையில் எதையும் காட்டாமலே பார்வையாளரை வேலை வாங்க இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

ஆனால் இந்த வேலை நெடுநேரம் நடக்காது. பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்பது சும்மா சொன்னதில்லை. மாறாத ஒலியை மூளை சீக்கிரமே பின்னணிக்குத் தள்ளிவிடும். அரை நிமிடத் துண்டை ஒட்டி ஒட்டி ஓடவிடும் மலிவான படங்களிலும் விளையாட்டுகளிலும் காற்று கொஞ்ச நேரத்தில் மின்விசிறி ஆகிவிடுவதன் காரணம் இது. நிறுத்தத் தெரிந்தவரே இதில் கெட்டிக்காரர்.

கோயன் சகோதரர்களின் 'நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்' (2007) இந்தக் கலையின் பாடப்புத்தகம். 1980ஆம் ஆண்டின் மேற்கு டெக்சாஸ். புல் கருகிய வெட்டவெளி. இசையமைப்பாளர் கார்ட்டர் பர்வெல் இருந்தும் படத்தில் இசை இருப்பதாகவே பலருக்குத் தெரியாது. அவருடைய நீண்ட சுருதிகள் காற்றோசைக்கும் வாகன ஓசைக்கும் அடியில் புதைந்து கிடக்கின்றன. ஸ்கிப் லீவ்சே தலைமையிலான ஒலிக்குழு அமைத்த காற்றுதான் முதல் காட்சியிலிருந்தே பின்னணி இசையின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பாலைவெளியில் சுடப்பட்டுக் கிடக்கும் ஆட்களையும் வண்டிகளையும் மாஸ் என்ற பாத்திரம் கண்டுபிடிக்கும் காட்சியை ஒருமுறை கண்ணை மூடிக் கேளுங்கள். அங்கே ஊளையே கிடையாது. தடுக்க மரமில்லை, வீடில்லை. தரையோடு உரசிப் போகும் அகன்ற, வறண்ட மூச்சு மட்டும். ஆளரவமற்ற இடம் என்பதை அந்தக் காற்றின் வெறுமையே சொல்லிவிடுகிறது. இந்த இடத்தில் வழக்கமான பேய்ப்பட ஊளையைப் போட்டிருந்தால் காட்சி கெட்டுக் குட்டிச்சுவராகியிருக்கும். இடுக்கே இல்லாத நிலத்தில் ஊளை எங்கிருந்து வரும்?

பிறகு பெட்ரோல் நிலையத்தில் கொலைகாரன் சிகுர் கடைக்காரரிடம் நாணயத்தைச் சுண்டிவிட்டுத் தலையா பூவா கேட்கும் காட்சி. இங்கே பர்வெல் ஒரு காரியம் செய்தார். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். குளிர்பதனப் பெட்டியின் முனகல் அதை ஒட்டியது. தன் தாழ்ந்த சுருதியை அந்த முனகலுக்கே சேர்த்துவைத்து, உரையாடல் இறுக இறுக ஏற்றிக்கொண்டே போனார். பார்வையாளர் அது பிரிட்ஜ் என்றே நினைத்துக்கொண்டிருப்பார். நம் ஊர் பிரிட்ஜுக்கு அதே வித்தை செய்ய வேண்டுமானால் 50க்குச் சுருதி சேர்க்க வேண்டும். பிற்பாடு ஹோட்டல் அறையில் மாஸ் இருட்டில் துப்பாக்கியோடு காத்திருக்கும்போது காற்று கிட்டத்தட்ட அடங்கியிருக்கிறது. அதுவரை காற்றுக்குப் பின்னால் எதையோ தேடிக்கொண்டிருந்த காது இப்போது கதவுக்கு வெளியே நடக்கும் ஒவ்வொரு சிற்றசைவையும் பற்றிக்கொள்கிறது. அதுவரை காற்றைப் பழக்கிவைத்தால்தான் அதன் இல்லாமைக்கு இப்படி விலை கிடைக்கும்.

இதற்கு நேர் எதிர்த் துணிச்சல் ஹங்கேரியின் பெய்லா தாரிடம் உண்டு. 'தி டுரின் ஹார்ஸ்' (2011) இரண்டரை மணி நேரத்தை நெருங்கும் படம். ஒரு கிழவர், மகள், ஒரு குதிரை, அவித்த உருளைக்கிழங்கு, வெளியே ஓயாத புயல். பனங்காட்டு நரி ஆகிவிடுவோம் என்று தெரிந்தே அவர் அந்தக் காற்றை ஓடவிடுகிறார். மகள் தண்ணீர் எடுக்கக் கதவைத் திறக்கும்போது அது அறைகிறது, சாத்தியதும் தணிகிறது. கதவுதான் அந்தப் படத்தின் வால்யூம் திருகு. பொறுமையுள்ளவர்களுக்கு மட்டும் பரிந்துரைக்கிறேன்.

உண்மைக் காற்றைப் பதிவு செய்வதில் ஒரு வேடிக்கை உண்டு. காற்றைப் பதிவு செய்ய, முதலில் மைக்கைக் காற்றிலிருந்து காப்பாற்ற வேண்டும். மைக்கின் மெல்லிய தகட்டில் காற்று நேரடியாகப் பட்டால் கிடைப்பது ஊளையில்லை, 'பட பட' என்ற உறுமல். குறைந்த அலைவரிசைகளில் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். படப்பிடிப்பில் பூம் மைக்குக்கு மாட்டும் அந்த ரோமப் போர்வை இதற்குத்தான். விவரமான பதிவாளர்கள் வெட்டவெளியில் நிற்பதில்லை. பாழடைந்த வீட்டுக்குள் போய், உடைந்த ஜன்னலுக்கு நேரே அல்லாமல் சுவரோரமாக மைக்கை வைக்கிறார்கள். இன்னும் சிலர் வேலிக்கம்பியிலேயே ஒட்டும் மைக்கைப் பொருத்திவிடுகிறார்கள். அது காற்றில் அலையும் அழுத்தத்தைப் பிடிப்பதில்லை, உலோகத்தின் நடுக்கத்தை மட்டும் பிடிக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஆலன் லாம்ப் மேற்கு ஆஸ்திரேலியாவில் கைவிடப்பட்ட தொலைபேசிக் கம்பிகளின் நெடிய வரிசைகளை இப்படிப் பதிவு செய்து வெளியிட்டிருக்கிறார். கேட்டால் ஏதோ கோயிலின் உள்ளறையில் நூறு பேர் வாய்மூடிப் பாடுவதாகத் தோன்றும்; மனிதர் ஒருவரும் அதில் இல்லை.

இதே முறையில் நமக்கு வேற்றுக் கிரகத்துக் காற்றும் கிடைத்தது. 2018 நவம்பர் 26 அன்று செவ்வாயில் இறங்கிய இன்சைட் கலத்தில் மைக் கிடையாது. ஆனால் அதன் சூரியத் தகடுகளை உரசிச் சென்ற காற்று கலத்தை நடுங்கவைத்தது. நிலநடுக்கமானி அதைப் பிடித்துக்கொண்டது. கிடைத்த ஒலி மிகத் தாழ்ந்தது என்பதால் மடிக்கணினியிலும் கைப்பேசியிலும் கேட்பதற்காக நாசா இரண்டு ஸ்தாயி உயர்த்திய வடிவத்தையும் வெளியிட்டது. அதைக் கேட்டு உடல் சிலிர்த்தது என்றவர்கள் பலர். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியினதில் நூறில் ஒரு பங்குகூடக் கிடையாது. அங்கே கூரையில்லை, கதவில்லை, நாம் கொண்டுபோய் வைத்த தகடுகள்தான் அந்தக் காற்றுக்குக் குறுக்கே நின்றன.

குறும்படம் எடுக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். 'ஹாரர் விண்ட்' என்று தேடி முதலில் வரும் கோப்பை இறக்கி ஒட்டாதீர்கள்; ஊர் முழுக்க அதே கோப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் இரைச்சலை உருவாக்கி வடிகட்டப் பழகினால் ஒரு மாலைக்குள் உங்களுடைய காற்று கைக்கு வந்துவிடும். அதற்கு முன் படப்பிடிப்புத் தளத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அந்த வீட்டில் எந்த ஜன்னல் சரியாகச் சாத்தவில்லை, கூரை ஓடா தகரமா, பக்கத்தில் நிற்பது பனையா சவுக்கா, கம்பி ஏதும் போகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் காற்றைச் செய்ய வேண்டும். வால்யூமைக் கூட்டும்போது சுருதியையும் கூட்ட மறக்காதீர்கள்.